முப்பத்து மூன்று வயதில் ஒரு மாணவி: தாதியர் கல்வியின் கதவு திறந்த வரலாறு

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "இந்த வயதிலை இனி என்ன படிப்பு? பிள்ளையள் படிச்சால் காணும்" என்பதே அது. ஊரில் ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ இருந்த ஒருவர் இங்கு மருத்துவமனையின் நடைபாதைகளைத் துடைக்கிறார். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மாற்றுகிறார். சமையற்கூடத்தில் கோப்பை கழுவுகிறார். அதே கட்டடத்தில் தாதியாகக் கடமையாற்றுபவரை நாளாந்தம் காண்கிறார். அந்தக் கடமை தம்மாலும் முடியும் என்று மனத்துக்குள் எண்ணுகிறார். ஆயினும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மேற்படி வசனத்தை வீட்டில் எவராவது சொல்வார்கள். எவரும் சொல்லாவிடினும் அவரே தமக்குச் சொல்லிக்கொள்வார்.

1995 ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது உயர்தர வகுப்பில் இருந்த மாணவி இன்று நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் புத்தகப் பையைத் தொலைத்த பிள்ளை முப்பதை எட்டிவிட்டது. இவர்களது படிப்பு முடிந்து போனதன்று, இடையில் முறிக்கப்பட்டது. முறிந்ததை மீண்டும் பொருத்தலாமா என்பதே இன்று எம்மவர் பலர் முன் உள்ள கேள்வி. தாதியர் தொழில் அக்கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது. ஏனெனில் எம்மவரிற் கணிசமானோர் ஏற்கெனவே அத்தொழிலின் வாசற்படியில், நோயாளரின் கட்டிலருகே, கீழ்நிலைப் பணிகளில் நின்றுகொண்டிருக்கின்றனர்.

எனவே, தாதியர் கல்விக்கு வயதெல்லை என்ற ஒன்று எங்கிருந்து வந்தது, அதனை விதித்தவர் யாவர், எக்காரணம் பற்றி விதித்தனர், பின்னர் அது எவ்வாறு தளர்ந்தது என்பவற்றை வரலாற்றினூடாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகிறோம். இவ்வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. ஆனால் அதிலே வரும் மனிதர்கள் எமக்கு அந்நியரல்லர்.

நைற்றிங்கேலும் காலந்தாழ்த்திக் கற்றவரே

நவீன தாதியர் கல்வியின் தாய் எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1820 இல் வசதிமிக்க ஆங்கிலக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தமது இருபத்தைந்தாவது வயதளவில் சோல்ஸ்பரி நகரின் மருத்துவமனையிற் பயிற்சி பெற அவர் விரும்பியபோது குடும்பத்தார் அதனை அடியோடு மறுத்தனர். அக்காலத்தில் மருத்துவமனையில் நோயாளரைப் பராமரித்தல் நற்குடிப் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்டது. அதனால் அவர் ஆறு வருடங்கள் காத்திருந்தார். 1851 இல், தமது முப்பத்தோராவது வயதில், ஜேர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வேர்த் என்னும் ஊரில், பாதிரியார் தியோடர் பிளீட்னர் நடத்திய சமயப் பணிப்பெண்கள் இல்லத்தில் சுமார் மூன்று மாதங்கள் தங்கிப் பயிற்சி பெற்றார். அவர் பெற்ற முறையான பயிற்சியின் பெரும்பகுதி அதுவே.

1854 இல் கிரைமியப் போரின்போது ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு 38 தாதியருடன் சென்று அவர் ஆற்றிய பணியை யாவரும் அறிவர். அப்பணியை மெச்சிப் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதியைக் கொண்டு 1860 இல் இலண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் அவரது பெயரால் தாதியர் பள்ளி நிறுவப்பட்டது. அதிலே சேர்வோருக்கு விரும்பத்தக்க வயது 25 முதல் 35 வரை என வகுக்கப்பட்டது. மணமாகாதவராகவோ கைம்பெண்ணாகவோ இருத்தல் வேண்டும். மருத்துவமனையுடன் இணைந்த விடுதியிலேயே தங்குதல் வேண்டும். ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும், குறிப்பிடப்படும் மருத்துவமனைகளிற் சில வருடங்கள் கடமையாற்றுதல் வேண்டும்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. உலகின் புகழ்பெற்ற முதலாவது நவீன தாதியர் பள்ளி, பள்ளிச் சிறுமிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, உலகம் கண்ட பெண்களையே அது எதிர்பார்த்தது. நோயும் மரணமும் நிறைந்த இடத்தில் நிதானத்தோடு நிற்பதற்கு வயதின் முதிர்ச்சி வேண்டும் என்பது அன்றைய எண்ணம். பதினெட்டு வயதுதான் தாதியர் கல்விக்கு உரிய வயது என்னும் கருத்து பிற்காலத்திற் புகுந்ததாகும்.

சலவைக்கூடத்திலிருந்து வகுப்பறைக்கு

இனி நாம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குச் செல்வோம். அங்கு 1862 இல் 'நியூ இங்கிலாந்து மகளிர் சிறுவர் மருத்துவமனை' தோற்றுவிக்கப்பட்டது. அதனை நிறுவியவர் டொக்ரர் மேரி ஸக்ஷெவ்ஸ்கா என்பவர். பேர்லின் நகரிற் பிறந்து, அங்குள்ள பெரிய மருத்துவமனையில் தலைமை மருத்துவிச்சிப் பதவி வரை உயர்ந்தவர் அவர். 1853 இல் அமெரிக்காவில் வந்திறங்கியபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டிலிருந்து பின்னல் வேலை செய்து விற்றுத் தம் வயிற்றையும் தம்முடன் வந்த சகோதரியின் வயிற்றையும் கழுவினார். பின்னர் ஆங்கிலம் கற்று, 1856 இல் கிளீவ்லாந்து நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். பதவியை இழந்து, மொழியை இழந்து, கைவேலையாற் பிழைத்து, மீண்டும் மாணவியான ஒரு குடிபெயர்ந்த பெண் நிறுவிய மருத்துவமனை அது என்பதை மனத்திற்கொள்ளல் நன்று.

1872 இல் அம்மருத்துவமனை தாதியருக்கான பயிற்சிநெறியைத் தொடங்கியது. முதலாவதாகச் சேர்ந்த மாணவி லின்டா றிச்சட்ஸ். அப்பொழுது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்னர் வேறொரு மருத்துவமனையில் உதவித்தாதி என்ற பெயரில், வேலைக்காரியினும் அதிகம் மேற்படாத நிலையில் அவர் பணிபுரிந்திருந்தார். 1873 இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற தாதி என்னும் பெயரை அவர் பெற்றார்.

அதே மருத்துவமனையில் அக்காலத்தில் மற்றொரு பெண்ணும் இருந்தார். வகுப்பறையில் அல்ல, சமையற்கூடத்திலும் சலவைக்கூடத்திலும். அவர் பெயர் மேரி எலைசா மஹோனி. 1845 இல் பிறந்த கறுப்பினப் பெண். அவரது பெற்றோர் வட கரோலினாவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று வடக்கே வந்தவர்கள். பதினெட்டு வயதளவில் மருத்துவமனைப் பணியில் நுழைந்த மஹோனி சமைத்தார், துணி துவைத்தார், தரை துடைத்தார், ஆளில்லாத வேளைகளில் தாதியருக்குக் கைகொடுத்தார். இவ்வாறு சுமார் பதினைந்து வருடங்கள் கழிந்தன.

1878 இல் அவர் அதே மருத்துவமனையின் பயிற்சிநெறிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பதாரர் நல்ல உடல்நலமும் நற்பெயரும் உடையவராகவும் 21 முதல் 31 வரையிலான வயதினராகவும் இருத்தல் வேண்டும் என்பது அங்கு விதியாக இருந்தது. மஹோனிக்கோ வயது முப்பத்து மூன்று. விதிப்படி அவருக்கு இடமில்லை. ஆயினும் இடம் கிடைத்தது. பதினைந்து வருடங்களாக அவரது கைகளைக் கண்டறிந்தவர்கள் அங்கு இருந்தார்கள் என்பதே அதற்குக் காரணமாயிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். எந்த வேலை அவரைத் தாழ்ந்தவராகக் காட்டியதோ, அந்த வேலையே அவருக்குச் சாட்சியாகவும் நின்றது.

பயிற்சிக்காலம் பதினாறு மாதங்கள். காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் நாள் இரவு ஒன்பதரை மணிவரை நீளும். உள்நோயாளர், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு எனப் பல பிரிவுகளிலும் மாறி மாறிக் கடமை. அதற்கிடையில் மருத்துவர்களின் விரிவுரைகள். நோயாளர்களை அவர்களது வீடுகளுக்கே சென்று பராமரித்தலும் பயிற்சியின் ஓர் அங்கம். அவ்வருடம் அனுமதிக்கப்பட்டோர் சுமார் நாற்பது பேர். 1879 இல் நெறியை நிறைவு செய்தவர்களோ ஒரு கைவிரல்களால் எண்ணத்தக்க சிலரே. அச்சிலருள் மஹோனி ஒருவர். அமெரிக்காவில் முறையான பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற முதலாவது கறுப்பினத் தாதி என வரலாறு அவரைப் பதிவு செய்துள்ளது.

இளையோர் பலர் இடையில் விட்டுப்போன நெறியை அவர் முடித்தமைக்கு என்ன காரணம்? நீண்ட நேர வேலை அவருக்குப் புதியதன்று. இரத்தமும் மலசலமும் அவருக்கு அருவருப்பைத் தரவில்லை. நோயாளியின் முனகல் அவருக்கு அச்சத்தைத் தரவில்லை. மற்றையோர் முதலாம் நாளிலிருந்து கற்கவேண்டியிருந்தவற்றுட் பாதியை அவர் சலவைக்கூடத்திலேயே கற்றிருந்தார் என்று நாம் கொள்ளலாம்.

திறந்த கதவுக்குப் பின்னால்

சான்றிதழ் கிடைத்ததனால் எல்லாம் கிடைத்துவிடவில்லை. பொது மருத்துவமனைகளில் நிலவிய நிறவேற்றுமை காரணமாக மஹோனி தமது தொழில்வாழ்வின் பெரும்பகுதியைத் தனியார் வீடுகளில் நோயாளரைப் பராமரிக்கும் தாதியாகவே கழித்தார். அவ்வீடுகளிற் கறுப்பினத் தாதியர் வீட்டு வேலைக்காரருடன் அமர்ந்து உண்ண வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. அவர் அதனை ஏற்காது சமையலறையிற் தனியே உண்டார் எனக் கூறப்படுகிறது. தாம் எதற்காகக் கற்றோம் என்பதை அவர் மறக்கவில்லை.

1908 இல் மார்தா பிராங்ளின் என்பவரின் முயற்சியாற் கறுப்பினத் தாதியருக்கென ஒரு தேசிய சங்கம் அமைக்கப்பட்டது. மறுவருடம் பொஸ்ரனில் நடைபெற்ற அதன் முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மஹோனியே. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. வெள்ளையின மாணவியருக்குள்ள வாய்ப்பு எம்மவருக்கும் வேண்டும் என்பதே அச்சங்கத்தினரின் நெடுநாட் கோரிக்கை. 1951 இல் அச்சங்கம் அமெரிக்கத் தாதியர் சங்கத்துடன் ஒன்றிணைந்தபோது அக்கோரிக்கையின் ஒரு பகுதியாவது நிறைவேறியது. மஹோனி அதனைக் காண இருக்கவில்லை. 1926 இல் அவர் காலமானார். ஆயினும் 1920 இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, தமது எழுபத்தைந்தாம் வயதளவில், பொஸ்ரனில் வாக்காளராகப் பதிவுசெய்த முதற் பெண்களுள் ஒருவராக அவர் நின்றார்.

வயதெல்லை இறுகியது ஏன்?

மஹோனியின் கதை ஒரு விதிவிலக்கு. அவருக்குப் பின் வந்த எழுபது வருடங்களிற் கதவு அகலவில்லை, மேலும் ஒடுங்கியது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் வயதெல்லையின் உண்மை முகம் தெரியும்.

1873 இல் நைற்றிங்கேல் முறையைப் பின்பற்றி நியூயோர்க், நியூஹேவன், பொஸ்ரன் ஆகிய நகரங்களில் மூன்று தாதியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அத்தகைய பள்ளிகள் நானூறுக்கு மேல் இருந்தன. இவ்வளவு விரைவாக அவை பெருகியமைக்குக் கல்வியின் மீதுள்ள பற்று மட்டும் காரணமன்று. பள்ளி நடத்தும் மருத்துவமனைக்கு மாணவியரின் உழைப்புக் கிடைத்தது. சிறு கைச்செலவுப் பணமும் உணவும் விடுதியும் கொடுத்தாற் போதும். இரவு பகலாகக் கட்டில்களைப் பராமரிக்க ஆட்கள் ஆயத்தம். சம்பளம் கொடுக்கவேண்டிய பயிற்சிபெற்ற தாதியரை மருத்துவமனைகள் மிகச் சிலரையே வைத்திருந்தன. படிப்பை முடித்தவர்கள் வெளியேறித் தனியார் வீடுகளில் வேலை தேடினர்.

இம்முறைக்கு எத்தகைய மாணவி பொருத்தமானவர்? விடுதியிற் தங்கக்கூடியவர், எந்நேரமும் அழைக்கத்தக்கவர், கணவனோ பிள்ளையோ இல்லாதவர், கேள்வி கேட்காத இளம் வயதினர். பிள்ளை பெற்ற தாய் ஒருவர் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பவேண்டும் என்றால் அந்த முறையில் அவருக்கு இடமில்லை. ஆகவே, வயது கடந்தோரால் கற்க இயலாது என்று எவரும் ஆராய்ந்து கண்டறிந்து விதித்த எல்லையன்று அது. மலிவான உழைப்பைப் பெறும் ஏற்பாட்டிற்கு அவர்கள் இடைஞ்சல் என்பதே உண்மைக் காரணம்.

இதனைச் சிலர் அன்றே சுட்டிக்காட்டினர். 1923 இல் ஜோசபீன் கோல்ட்மார்க் தயாரித்த அறிக்கை, கல்வியின் தேவைக்கும் மருத்துவமனையின் தேவைக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை எடுத்துரைத்தது. 1948 இல் எஸ்தர் லூசில் பிறவுண் தயாரித்த அறிக்கை, தாதியர் கல்வி கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மாறவேண்டும் என்றது. அறிக்கைகள் வந்தன, பழைய முறை இலகுவில் அசையவில்லை.

சமூகக் கல்லூரியும் இரண்டு வருடமும்

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. போரின்போது தாதியர் தட்டுப்பாடு மிகுந்தது. 1943 இல் அமெரிக்க அரசு தனது செலவிற் தாதியரைப் பயிற்றுவிக்கும் திட்டமொன்றை ஆரம்பித்து, 17 முதல் 35 வயது வரையானோரை அதற்கு அழைத்தது. போர் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு தீரவில்லை. மருத்துவமனைகள் பெருகின, வேலைக்கு ஆட்கள் போதவில்லை.

இந்தச் சூழலிற் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்ராக் என்னும் தாதியர் கல்வியாளர் 1951 இல் ஒரு நூலை வெளியிட்டார். தாதியர் கல்வியை மருத்துவமனையிலிருந்து பிரித்து, ஊர்தோறும் உள்ள இரண்டு வருடச் சமூகக் கல்லூரிகளில் வைக்கலாம் என்பது அவரது யோசனை. மாணவர் வீட்டிலிருந்து வந்து படித்துத் திரும்பலாம். செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கு அவர்கள் வேலையாட்களாக அன்றி மாணவராகவே செல்வர். 1952 இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் இது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு ஐந்து வருடங்கள் நடத்திப் பார்க்கப்பட்டது.

விளைவு என்ன? பழைய பள்ளிகள் திருப்பி அனுப்பிய மனிதர்கள் வந்து சேர்ந்தனர். மணமான பெண்கள் வந்தனர், பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் தாய்மார் வந்தனர், ஆண்களும் வந்தனர். இரண்டு வருட முடிவில், மூன்று வருடம் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் தோற்றும் அதே அரச அனுமதிப் பரீட்சைக்குத் தோற்றிப் பதிவுபெற்ற தாதியராயினர். இன்னும் சில பத்தாண்டுகள் செல்ல, அமெரிக்காவிற் புதிதாகப் பதிவுபெறும் தாதியரிற் பெரும்பகுதியினர் இவ்வழியாகவே வந்தனர். மருத்துவமனை நடத்திய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படுக்கையையும் பாடத்தையும் பிரித்தவுடன் வயதெல்லை தானாகவே உதிர்ந்தது என்பதே இதிலிருந்து நாம் அறியும் உண்மை.

இங்கிலாந்து கற்பித்த கசப்பான பாடம்

கதவு திறந்தாற் போதுமா? எந்தக் கதவு என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்று.

அங்கு 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தாதியர் பதிவேடு உருவாகியது. மூன்று வருடம் பயின்றோர் அப்பதிவேட்டில் இடம்பெற்று எஸ்.ஆர்.என். எனப்பட்டனர். 1943 இல் மற்றொரு சட்டம் இரண்டாம்தரப் பட்டியல் ஒன்றை உருவாக்கியது. இரண்டு வருடம் பயின்று அதிற் சேர்ந்தோர் பின்னாளில் எஸ்.இ.என். எனப்பட்டனர். 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் ஆட்பற்றாக்குறை பெரிதாகியது. கரிபியன் தீவுகளிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் பயிற்சிக்கென அழைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் இரண்டாம்தரப் பட்டியலுக்கே வழிநடத்தப்பட்டனர். இரண்டுக்குமுள்ள வேறுபாடு அவர்களிற் பலருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஒரே சீருடையொத்த உடை, ஒரே நோயாளர், ஒரே இரவுக்கடமை. ஆனாற் பதவியுயர்வுக்கு வழியில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பினால் அச்சான்றிதழ் அங்கு செல்லுபடியாகவும் இல்லை.

இத்தாதியர் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. 1986 இல் 'புறொஜெக்ற் 2000' என்னும் சீர்திருத்தம் முன்வைக்கப்பட்டு 1989 முதல் நடைமுறைக்கு வந்தது. தாதியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களுக்கு நகர்ந்தது. மாணவர் வேலையாட்களின் எண்ணிக்கையிலிருந்து நீக்கப்பட்டனர். இரண்டாம்தரப் பயிற்சி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இரண்டாம்தரப் பட்டியலில் இருந்தோர் முதற்தரத்திற்கு உயர்வதற்கு மாற்றுநெறிகள் நடத்தப்பட்டன. இருபது வருடம் கட்டிலருகே நின்ற பெண்கள், பிள்ளைகளை வளர்த்தெடுத்த பின்னர், மீண்டும் கொப்பியும் பேனையுமாக வகுப்பிற் சென்று அமர்ந்தனர். தமக்கு உரியதாயிருந்த தரத்தை நடுவயதிற் பெற்றனர்.

வேறொரு வாயிலும் அங்கு உண்டு. 1978 இலிருந்து, பாடசாலைப் பரீட்சைச் சான்றிதழ் இல்லாத வளர்ந்தோரை உயர்கல்விக்கு ஆயத்தப்படுத்தும் 'அக்செஸ்' நெறிகள் அரசின் ஊக்கத்துடன் வளர்ந்தன. ஒரு வருடம் இதனைப் பயின்று தாதியர் கல்விக்குச் சென்ற நடுவயதினர் ஏராளம். 2013 முதல் இங்கிலாந்திற் தாதியாவதற்குப் பட்டப்படிப்பு அவசியமாக்கப்பட்டபோதும் இவ்வாயில் மூடப்படவில்லை. எனினும் 2017 இல் புதிய மாணவருக்கான உதவிப்பணம் நிறுத்தப்பட்டுக் கடன்முறை கொண்டுவரப்பட்டபோது, விண்ணப்பங்கள் குறைந்தன. வயது கூடியோரிடையே அக்குறைவு மேலும் கடுமையாக இருந்தது. 2020 இல் வருடத்திற்குக் குறைந்தது 5,000 பவுண் கொடுப்பனவு ஏற்படுத்தப்பட்டது. இருபது வயதினருக்குக் கடன் ஒரு சுமை. நாற்பது வயதினருக்கு அது வீட்டு வாடகையோடும் பிள்ளைகளின் செலவோடும் மோதும் சுமை. வயதெல்லை சட்டத்திலிருந்து நீங்கிய பின்னரும் பணம் என்னும் வடிவில் அது திரும்பி வரக்கூடும்.

எமக்குரிய பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து எம்மவர் கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவது, இதுவரை செய்த வேலையை வெட்கத்துக்குரியதாக எண்ணலாகாது. முதியோர் இல்லத்தில் ஒருவரைக் குளிப்பாட்டி உடைமாற்றி உணவூட்டிய வருடங்கள் வீணானவையல்ல. மஹோனிக்குச் சாட்சி சொன்னது அத்தகைய உழைப்பே. விண்ணப்பத்தில் அதனை மறைக்காது எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பயிற்சியிலும் சேருமுன் கேட்கவேண்டிய கேள்வி இது: "இதன் முடிவில் எந்தப் பதிவேட்டில் என் பெயர் வரும்?" ஆறு மாதப் பயிற்சி, ஒரு வருடப் பயிற்சி எனப் பல உண்டு. அவற்றுட் சில உதவியாளர் தரத்தோடு நின்றுவிடும். சில அடுத்த படிக்கு ஏற்றிவிடும். உதவியாளராகத் தொடங்குவது தவறன்று. அங்கிருந்து மேலே ஏணி உண்டா என்று கேளாமற் தொடங்குவதே தவறு. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுவதால், உரிய பதிவு நிறுவனத்திடம் நேரிற் கேட்டறிதலே நன்று. தெரிந்தவர் சொன்னார் என்பதை நம்பி வருடங்களை இழக்கலாகாது.

மூன்றாவது, மொழி. பேர்லினிலிருந்து வந்த ஸக்ஷெவ்ஸ்கா ஆங்கிலம் கற்றது பின்னல் வேலைக்கு இடையிலேதான். பரீட்சைக்குரிய மொழியறிவு ஒரே மூச்சில் வருவதன்று. இரண்டு, மூன்று வருடங்களுக்கு முன்பே அதனைத் தொடங்கிவிடல் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலையிடத்திற் காதில் விழும் மருத்துவச் சொற்களை ஒரு சிறு கொப்பியிற் குறித்து வருதல் அதற்குரிய முதற்படி.

நான்காவது, வீடு. பழைய பள்ளிகள் மணமான பெண்ணை வெளியே நிறுத்தின. இன்று பள்ளி அவரை உள்ளே அழைக்கிறது. ஆயினும் வீடு வெளியே நிறுத்திவிடக்கூடும். மனைவி பரீட்சைக்குப் படிக்கும் இரவில் அடுப்படியைப் பார்ப்பது யார்? இரவுக்கடமைக்குப் போனாற் காலையிற் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்வது யார்? இதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் ஆவர். ஆண்களும் இத்தொழிலை நாடலாம் என்பதையும் இங்கு சொல்லிவைத்தல் தகும்.

தாதியர் பணி இலகுவானதென்று நாம் கூறவரவில்லை. முதுகை முறிக்கும் வேலை. நித்திரையைக் குலைக்கும் நேரங்கள். சில நோயாளரின் வாயிலிருந்து வரும் நிறவெறிச் சொற்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. உடல்நலம், குடும்பநிலை, பணம் ஆகியவற்றைச் சீர்தூக்கி ஒருவர் வேண்டாம் என்று முடிவுசெய்தால் அது அவரது உரிமை. ஆனால் வயது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவரைத் தடுக்க எமக்கு உரிமையில்லை. அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்பதை மேலே கண்டோம்.

இறுதியாக ஒன்று. எமது முதல் தலைமுறை முதுமை எய்திவிட்டது. எண்பதுகளில் ஏதிலிகளாக வந்தவர்களிற் சிலர் இன்று முதியோர் இல்லங்களில் இருக்கின்றனர். மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழியே எஞ்சிநிற்பது பலரிடம் காணப்படுகிறது. "நோகுது" என்று ஓர் அம்மா தமிழிற் சொல்லும்போது, அருகில் நிற்பவருக்கு அது விளங்கவேண்டும். விளங்குபவர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார். கையில் துடைப்பத்தோடு, நடைபாதையில். அவருக்கு விளங்கினாலும் மருந்து கொடுக்கும் அதிகாரம் இல்லை. குறிப்பேட்டில் எழுதும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை அவர் பெறவேண்டுமானால் அவர் மீண்டும் மாணவியாக வேண்டும். அதற்கு நாற்பது வயது கூடுதலானதன்று என்பதை அவரது வீட்டார் அவருக்குச் சொல்வார்களாக.